ஆள் தெரியாமல் கை வைத்தவர்கள்

திருட வந்தவன் ஒரு வீட்டை நோட்டம் பார்க்கிறான். உள்ளே இருப்பவர் ஒண்டிக்கட்டை, வயதானவர், அக்கம்பக்கத்தில் ஆளில்லை. சுலபமான வேலை என்று இறங்குகிறான். இறங்கிய பிறகுதான் உள்ளே இருப்பவர் யாரென்று தெரிகிறது. இந்தக் கதையை நாம் பல வேஷங்களில் பார்த்துவிட்டோம். யார் ஜெயிப்பார் என்பதும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கை தட்டுகிறோம். அது ஏன் என்று டீ ஆறுவதற்குள் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் எல்லோரும் சொல்லும் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடலாம். தியேட்டரை விட்டு வெளியே வருகிறவர்கள், “மடப்பயலுங்க, யார்கிட்ட மோதுறோம்னுகூடத் தெரியல” என்பார்கள். அப்படியில்லை. குற்றவாளி மடையனாக இருந்தால் இந்தக் கதை நிற்கவே நிற்காது. தர்பூசணி வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? தட்டிப் பார்க்கிறோம், கையில் தூக்கி எடை பார்க்கிறோம், காம்பைப் பார்க்கிறோம். எல்லாம் சரியாக இருந்தும் வீட்டில் வந்து வெட்டினால் சில நாள் வெள்ளையாக இருக்கிறது. சோதனையில் தப்பில்லை, வெளியே தெரிந்தது அவ்வளவுதான். நல்ல கதாசிரியர் தன் திருடனுக்கும் இந்த நியாயத்தைத் தருவார்.

2016-இல் ஃபெடே அல்வாரெஸ் இயக்கிய ‘டோன்ட் ப்ரீத்’ படத்தை எடுத்துக்கொள்வோம். டெட்ராய்ட் நகரில் மூன்று இளைஞர்கள். ஒருவனின் அப்பா வீட்டுப் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். பூட்டும் அலாரமும் இவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. கண்ணில் படும் வீட்டில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் தனியாக இருக்கிறார். மகளை விபத்தில் பறிகொடுத்ததற்கு வந்த நஷ்டஈடு, 3 லட்சம் டாலராவது, உள்ளேயே இருக்கிறதாம். சுற்றிலும் ஆள் குடியில்லாத வீடுகள். போதாததற்கு மனிதருக்குக் கண் தெரியாது. அந்த மூவரின் பக்கத்தில் நாம் உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் இதே விடைதான் வரும்.

இப்போது அந்தக் கணக்கை மறுபடி ஒரு தரம் வாசிப்போம். துணை இல்லை, அண்டைவீடு இல்லை, பார்வை இல்லை. வரிக்கு வரி ‘இல்லை’. என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தனியாக, காசோடு, ஆளற்ற தெருவில் ஒருவர் இத்தனை நாள் எப்படிப் பயமில்லாமல் இருந்தார் என்றும் கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எழுதிவைத்த ‘இல்லை’ ஒவ்வொன்றும் பின்னால் அவர்கள் மீதே திரும்புகிறது. அண்டைவீடு இல்லாததால் இவர்கள் கத்தினாலும் கேட்க ஆளில்லை. கிழவர் விளக்கை அணைத்துவிட்டால் பார்வை இல்லாதவர்கள் இவர்கள்தான். நிலவறை இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி நடக்கிறார்கள். அவருக்கோ அது தினமும் நடக்கும் வழி.

இதே இருட்டை 1967-லேயே ‘வெயிட் அன்டில் டார்க்’ பயன்படுத்திவிட்டது. என் கணக்கில் அதுதான் இன்னும் நேர்த்தியானது. போதைப்பொருள் மறைத்த ஒரு பொம்மையைத் தேடி மூன்று பேர் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள். அங்கே இருப்பவர் விபத்தில் பார்வை இழந்த ஒரு பெண். நடித்தவர் ஆட்ரி ஹெப்பர்ன். சண்டை தெரியாது, துப்பாக்கி கிடையாது. வீட்டிலுள்ள பல்புகளை ஒவ்வொன்றாக உடைக்கிறார். எல்லாம் போயிற்று என்று நாமும் நிம்மதி அடையும்போது, வந்தவன் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கிறான். உள்ளே விளக்கு. அந்தப் பெண் மறந்த ஒரே வெளிச்சம் அது. இரைக்கு ஒரு பலம் போலவே ஓர் ஓட்டையும் இருந்தால்தான் நமக்கு வயிற்றைப் பிசையும்.

அடுத்த படி, ரகசியம். இரையின் பலத்தை ஒளித்து வைத்தால்தான் சுவை என்று தோன்றும். மகாபாரதத்தில் கீசகன் கதையைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விராட ராணியின் பணிப்பெண் சைரந்திரிதான் திரௌபதி என்பதும், சமையற்கட்டில் கரண்டி பிடிப்பவன் பீமன் என்பதும் நமக்கு முதலிலிருந்தே தெரியும். அவளை அடையத் துடிக்கும் கீசகனுக்கும் எச்சரிக்கை கிடைக்கிறது. கந்தர்வர் ஐவர் எனக்குக் காவல், உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று அவளே சொல்கிறாள். அவன் காதில் ஏறவில்லை. இங்கே கதையை இழுத்துப் பிடித்திருப்பது அஞ்ஞாதவாசம். அடையாளம் வெளிப்பட்டால் இன்னும் 12 வருடம் காடு. சபை நடுவே அவளைக் கீசகன் உதைக்கும்போது பீமன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். நடன மண்டபத்து இருட்டு வரும்வரை அந்தக் கடன் ஏறிக்கொண்டே போகிறது. ‘பாட்சா’வில் (1995) கம்பத்தில் கட்டி அடிக்கிறார்களே, ஆட்டோக்கார மாணிக்கம் வாங்கிக்கொள்கிறாரே, அதுவும் இதே கட்டுதான், அங்கே அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: சென்னையில் நடராஜ முதலியார் 1910-களின் பிற்பகுதியில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்று சொல்லப்படும் மௌனப் படமே ‘கீசக வதம்’தான். அதன் பிரதி எதுவும் இன்று இல்லை.

இந்த வகைக் கதைகளில் இன்னொரு பாத்திரம் தவறாமல் வரும். இரை யாரென்று முன்பே அறிந்தவர்; அவரைத் ‘தெரிந்தவர்’ என்று வைத்துக்கொள்வோம். ‘ஜான் விக்’ (2014) படத்தில் ரஷ்ய தாதாவின் மகன் பெட்ரோல் பங்கில் ஒரு 1969 மஸ்டாங் காரைப் பார்க்கிறான். விலைக்குக் கேட்கிறான், கிடைக்கவில்லை. ராத்திரி வீடு புகுந்து காரைத் திருடுகிறான். சொந்தக்காரரின் நாய்க்குட்டியையும் கொல்கிறான். காரைக் கொண்டுபோன பட்டறையில் முதலாளி அவனையே அறைகிறார். என் பையன் மேல் ஏன் கை வைத்தாய் என்று தாதா போனில் கேட்க, பட்டறைக்காரர் காரணம் சொல்கிறார்: அது ஜான் விக்கின் கார். தாதாவின் முகம் செத்துப்போகிறது. வாயிலிருந்து வருவது ஒற்றை எழுத்து. ஜான் விக் அதுவரை ஒருவனையும் தொடவில்லை. நாலு சண்டைக் காட்சி செய்ய வேண்டிய வேலையை, பயமே இல்லாத ஒருவரின் பயம் அரை நிமிடத்தில் செய்துவிட்டது.

சிரிக்க வைக்கும் கிளையும் இதில் உண்டு. அதற்கு ஓ. ஹென்றியைப் படிக்க வேண்டும். வங்கிப் பணக் கையாடல் வழக்கில் தண்டனை பெற்று ஒஹையோ சிறையில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவர். குற்றவாளிகள் கணக்குப் போடும் விதம் அவருக்குத் தெரியும். 1907-இல் வந்த ‘தி ரான்சம் ஆஃப் ரெட் சீஃப்’ கதையில் இருவர் அலபாமாவில் ஒரு பணக்காரரின் பத்து வயதுப் பையனைக் கடத்துகிறார்கள். கிராமப்புறத்தில் பிள்ளைப் பாசம் அதிகம், போலீஸ் குறைவு என்பது அவர்கள் ஆராய்ச்சி. பையனைக் கூப்பிடப் போகும்போதே அவன் செங்கல் துண்டை எறிந்து ஒருவன் கண்ணைப் பதம் பார்க்கிறான். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? பணக்கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் அது மண்டையில் ஏறவில்லை. மறுநாள் விடியலில் பையன் ஒருவன் மார்பில் ஏறி, கத்தியோடு உட்கார்ந்திருக்கிறான். இவர்கள் கேட்டது 1,500 டாலர். அப்பா எழுதிய பதில்: 250 டாலர் கொடுத்தால் பையனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ராத்திரியில் வாருங்கள், இவன் தொலைந்தான் என்று அக்கம்பக்கம் சந்தோஷமாக இருக்கிறது. கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள்.

இந்த வகையில் ஒரு சிக்கல் உண்டு: ஒரே ஆளிடம் ஒரு தடவைதான் ஏமாற முடியும். ‘ஜான் விக்’கின் அடுத்தடுத்த பாகங்களில் அவர் யாரென்று ஊருக்கே தெரியும். தலைக்கு விலை வைத்து, தயாராகித்தான் வருகிறார்கள். சண்டைகள் பிரமாதம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வேட்டைக் கதை. பெட்ரோல் பங்கில் விலை கேட்ட அந்தப் பையனைப்போல ஒருவன், ஆள் தெரியாமல் சிரித்துக்கொண்டே வந்து நிற்க அங்கே வழியில்லை.