பண்ணைப் பாலத்துக்கு அப்பால் ஒரு நாளிதழ்

1994 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 10,744 வாக்குகள் வாங்கிய சுயேச்சை அணி ஒன்று ஒன்பது ஆசனங்களோடு நாடாளுமன்றம் போனது. ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியினர் (ஈ.பி.டி.பி.) போட்டியிட்ட அணி அது. கணக்கில் பிழை இல்லை. குடாநாடு அன்று விடுதலைப் புலிகளின் கையில். குடாநாட்டை அடுத்த தீவுகளான தீவகம் 1990–91 முதல் கடற்படையின் கையில். மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் தீவகத்து மக்கள். இடம்பெயர்ந்து போனவர்கள் போக ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் எஞ்சியிருந்த சனம்தான் ஒரு மாவட்டத்தின் பிரதிநிதிகளைத் தீர்மானித்தது. யாழ்ப்பாணத்தில் அன்று அதிகாலை அச்சான பத்திரிகை அவர்களுக்குக் கிடைக்க வழியில்லை. யாழ்ப்பாண நகரைத் தீவகத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலம் மூடிக் கிடந்தது.

ஒரு பிராந்தியப் பத்திரிகையின் வலிமையை அதன் விற்பனைத் தொகையைக் கொண்டு அளப்பார்கள். யாழ்ப்பாணப் பத்திரிகைகளை நான் தீவகத்தைக் கொண்டுதான் அளப்பேன். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகிற எதுவும், அரிசியோ ஆசிரியரோ பத்திரிகைக் கட்டோ, பண்ணை கடந்து, வேலணை கடந்து, புங்குடுதீவின் அந்தத்தில் குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். காற்றுக் கிளம்பினால் நெடுந்தீவுக்கு அன்று படகில்லை, பத்திரிகையும் இல்லை.

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலும் இப்படியொரு தூரம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நாளிதழ் பிறக்க அதுதான் காரணம். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பில் தொடங்கின. இரவு மெயில் ரயிலில் அவை வடக்கே வரும்போது செய்தி ஆறிப்போயிருக்கும். ஊர்ச் செய்தியோ அநேகமாக இராது. குரும்பசிட்டி நா. பொன்னையா 1930இல் தொடங்கிய ஈழகேசரி அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. ஆனால் அது வார இதழ். அதுவும் 1958இல் நின்றது.

அதன் பின்தான் ஈழநாடு. கே.சி. தங்கராஜா, கே.சி. சண்முகரத்தினம் என்ற சகோதரர்கள் கலாநிலையம் என்ற பெயரில் பதிப்பகம் வைத்து, 1959இல் இதைத் தொடங்கினார்கள். 1961இல் நாளிதழாயிற்று. தங்கராஜா வாழைச்சேனைக் காகித ஆலைக் கூட்டுத்தாபனத்தின் தலைவராகவும் இருந்தவர். கடதாசியின் விலை தெரிந்த ஒருவர் பத்திரிகை நடத்த வந்தது அபூர்வம்தான். ஆசிரியராக வந்த கே.பி. ஹரன் வீரகேசரியில் தேர்ந்தவர். தலைநகருக்கு வெளியே ஒரு தமிழ் நாளிதழ் பிழைக்கும் என்று கொழும்பில் எத்தனை பேர் நம்பியிருப்பார்களோ!

பிழைத்தது. காரணங்களில் ஒன்றைப் பத்திரிகை வரலாறு எழுதுபவர்கள் மதிப்பதில்லை: மரண அறிவித்தல். புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறைக்காரர் ஊரைவிட்டுப் போய் வியாபாரம் செய்தவர்கள். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்திருந்த குடும்பங்களுக்குச் செத்த வீட்டுச் செய்தியும் அந்தியேட்டிச் சடங்கு அழைப்பும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இன்ன தீவைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கும் அந்த வாசகத்தில் ஒரு முழு இடப்பெயர்வு வரலாறே இருக்கிறது. முதலில் வதிவிடம் கொழும்பு என்றிருந்தது. பிறகு பாரிஸ், ரொறன்ரோ என்று மாறியது.

1981 ஜூன் முதல் நாள் ஈழநாடு எரிக்கப்பட்டது. யாழ். பொது நூலகம் எரிந்த அதே வன்முறையில், பொலிஸாரின் கையால். நூலகத்தின் 97,000 நூல்களை உலகம் நினைவில் வைத்திருக்கிறது, பத்திரிகையை மறந்துவிட்டது. எனக்கு இரண்டும் ஒரே செயலாகவே படுகின்றன. நூலகம் எரிந்ததைத் தேசியப் பத்திரிகைகள் எழுதவில்லை. எழுதக்கூடிய உள்ளூர் நாளிதழின் அச்சகமும் சாம்பலாகிக் கிடந்தது. ஈழநாடு மீண்டும் வந்தது. ஆனால் பழைய பலம் திரும்பவில்லை.

1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி, ஈ. சரவணபவனை உரிமையாளராகக் கொண்டு உதயன் நாளிதழ் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. இன்று அதை நடத்துவது நியூ உதயன் பப்ளிகேஷன்ஸ் என்ற தனியார் நிறுவனம். கொழும்பில் சுடர் ஒளியும் அதன் வெளியீடாக வந்தது. உதயன் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள், யாழ்ப்பாணத்தின் மற்ற நாளிதழ்களான ஈழமுரசு, முரசொலி ஆகியவற்றின் அச்சகங்களை, அமைதி காக்க என்று வந்த இந்தியப் படை தகர்த்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. கடதாசித் தட்டுப்பாட்டில் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் குடாநாட்டில் பத்திரிகை அச்சாயிற்று. வாசகர் குறைசொல்லவில்லை, கிடைத்ததே பெரிது.

தீவகத்துக்குப் பாதை திறந்த பிறகு சிக்கல் வேறு விதமாயிற்று. பத்திரிகை போக முடிந்தது. தீவகத்தில் நடப்பதை எழுதுவதுதான் ஆபத்தாயிற்று. 2000 ஒக்டோபர் தேர்தல் முறைகேடுகளைப் பற்றி எழுதிய செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் அதே மாதம் 19ஆம் திகதி, ஊரடங்கு வேளையில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தீவகத்து நாரந்தனையில் தேர்தல் பரப்புரைக்குப் போன தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் தாக்கப்பட்டு இருவர் இறந்தனர்.

2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அந்த ஆண்டு யுனெஸ்கோ அதைக் கொண்டாடத் தேர்ந்த நகரம் கொழும்பு! ஓகஸ்டில் குடாநாட்டுக்கான தரைவழியான ஏ9 வீதி மூடப்பட, கடதாசி வராமல் பக்கங்கள் சுருங்கின. 2013 ஏப்ரலில் உதயனின் கிளிநொச்சி அலுவலகம் தாக்கப்பட்டது. பத்து நாளில் யாழ்ப்பாண அச்சு இயந்திரம் எரிந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஊடகம் என்ற விருதை எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு உதயனுக்கு வழங்கியது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் சொல்ல வேண்டும். உதயனின் உரிமையாளர் 2010இலும் 2015இலும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினரானார். உரிமையாளர் வேட்பாளராக நிற்கும் பத்திரிகையின் தேர்தல் செய்தியை எப்படி வாசிப்பது? ஈ.பி.டி.பி.க்குத் தினமுரசு என்ற பத்திரிகை இருந்தது. தீவகத்து வாசகர் இரு தரப்பையும் அறிந்தவர். தலைப்பைப் பார்த்ததும் யாருடைய பத்திரிகை என்பதைச் சேர்த்தே வாசிக்கும் பழக்கம் அவருக்கு எப்போதோ வந்துவிட்டது. தாக்குதலுக்கு உள்ளான பத்திரிகை என்பதற்காக அந்தக் கேள்வியிலிருந்து அதற்கு விலக்கு இல்லை.