அரை கிரெடிட்டுக்கு அரை மணி நேர மனசு

கதவில் ஓர் அட்டை தொங்குகிறது: ‘ஆய்வு நடக்கிறது. தட்ட வேண்டாம்.’ அந்தக் கதவுக்குப் பின்னால் போக எனக்கு இன்று அனுமதி கிடைத்திருக்கிறது! செருப்புச் சத்தம் கேட்காமல் கூடவே வாருங்கள்.

அமெரிக்காவில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். உளவியல் துறைக் கட்டடத்தின் அடித்தளம். ஜன்னலே கிடையாது, உச்சி வெயில் நேரத்திலும் டியூப்லைட் வெளிச்சம்தான். என் அக்கா மகள் இங்கே பிஎச்.டி. பண்ணுகிறாள். கல்லூரி மாணவர்களை வரவழைத்து, உட்கார வைத்து, மனசு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. பேராசிரியரிடம் பேசி, என்னிடம் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டாள். வருகிற மாணவர்கள் யார் என்று எழுதக் கூடாது. ஆய்வு நடக்கும்போது அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆய்வு இன்னும் முடியவில்லை, அதனால் அதில் என்ன நடக்கிறது என்பதையும் அப்படியே சொல்லக் கூடாது. ஆகவே நான் ‘பென்சில் டப்பா’ என்று எழுதும் இடங்களில் உண்மையில் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாமான்களைப் பார்த்துவிடுவோம். மூலையில் பழைய கம்ப்யூட்டர் திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அலமாரியில் டிஷ்யூ பெட்டிகள், மொத்தமாக வாங்கிய சாக்லேட் பைகள், முனை கடிபட்ட பேனாக்கள், ஸ்டாப்வாட்ச், ஒரு பொம்மைக் குரங்கு. “அது எந்த ஆய்வுக்கு வாங்கினதுன்னு இப்ப யாருக்கும் தெரியாது சித்தி. தூக்கிப் போடவும் யாருக்கும் மனசு வரல.” நான் ஒரு நாற்காலியை இழுக்கப் போனேன். “ஐயோ, அது வேண்டாம்!” என்று ஓடி வந்தாள். தரையைக் காட்டினாள். நாலு துண்டு நீல டேப் ஒட்டியிருக்கிறது. அந்த நாற்காலியின் கால்கள் அந்த டேப்பின் மேல்தான் நிற்க வேண்டும். முதலில் வந்த மாணவனும் கடைசியில் வரப்போகும் மாணவியும் திரையிலிருந்து ஒரே தூரத்தில் உட்கார வேண்டுமாம். அதைச் சரிபார்க்காமல் காலையில் யாரும் காபி குடிப்பதில்லை.

சரி, மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? இங்கே உளவியல் அறிமுகப் பாடம் எடுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். வணிகம் படிப்பவர், நர்சிங் படிப்பவர், என்ன படிக்கப் போகிறோம் என்றே முடிவு செய்யாதவர் எல்லோரும் அதில் உண்டு. செமஸ்டர் முடிவதற்குள் இத்தனை ‘ஆய்வு கிரெடிட்’ சேர்க்க வேண்டும் என்று ஒரு கணக்கு. இந்த ஆய்வகத்தில் அரை மணி நேரம் வந்து உட்கார்ந்தால் அரை கிரெடிட். வர விருப்பமில்லாதவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து அதே கிரெடிட்டை வாங்கிக்கொள்ளலாம். ஈடான மாற்று வேலை ஒன்று கட்டாயம் தரப்பட வேண்டும் என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு மனசு லேசாயிற்று. மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பதினெட்டு வயதுப் பிள்ளையை அழைப்பதில் ஒரு பலவந்தம் ஒளிந்திருக்கிறது. அந்த மாற்றுக் கதவு உண்மையாகத் திறந்திருந்தால்தான் இது நியாயம்.

இப்போது திரையைப் பாருங்கள். ‘சோனா’ என்ற மென்பொருள். பல பல்கலைக்கழகங்களில் இதுதான் ஓடுகிறது. ஆய்வுகள் வரிசையாக, பக்கத்திலேயே நேரம் நேரமாக ஸ்லாட்கள். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இதைக் கண்டதும் விரல் பரபரக்கும்! செமஸ்டரின் ஆரம்பத்தில் ஸ்லாட்கள் ஈயாடும். கடைசி வாரத்திலோ, அரை கிரெடிட் குறைகிறவர்கள் எல்லோரும் ஒரே ராத்திரியில் விழித்துக்கொள்கிறார்கள். போட்ட மாத்திரத்தில் காலியாகிவிடும்.

ஆய்வுக்குப் பெயர் வைப்பதைத்தான் நான் ரொம்ப ரசித்தேன். பெயரில் குட்டு வெளிப்பட்டுவிடக் கூடாது. ‘நீங்கள் பிறருக்கு உதவுவீர்களா?’ என்று வைத்தால், உதவ ஆசைப்படுகிறவர்கள் மட்டும் வந்து நிற்பார்கள். ரொம்பச் சுவாரசியமாக வைத்தாலும் ஆபத்து; குறிப்பிட்ட ரகத்து ஆட்கள்தான் கிளிக் பண்ணுவார்கள். ஆகவே கூட்டம் போட்டு யோசித்து, கொட்டாவி வரும்படியான ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்து ஆய்வகத்தில் வெறும் நிறங்களின் பெயர்களாம். மஞ்சள் ஆய்வு, ஊதா ஆய்வு. என் அக்கா மகளின் ஆய்வுக்கு வைத்த பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு உழைத்து அதைச் சப்பென்று ஆக்கியிருக்கிறார்கள்!

காலை முதல் ஸ்லாட். உதவியாளர்கள் இரண்டு பேர் தயாராக நிற்கிறார்கள். இளங்கலை மாணவர்கள், இருபதைத் தாண்டாத முகங்கள். ஒருவன் வரவேற்பதற்கு. இன்னொருத்தி ‘இன்னொரு பங்கேற்பாளர்’ போல நடிப்பதற்கு. ஆம், நடிப்பதற்கு! அரை மணி நேரத்தில் ஒரு கட்டத்தில் அவள் பென்சில் டப்பாவைத் தவறவிட வேண்டும். அந்த மாணவன் குனிந்து எடுத்துக் கொடுக்கிறானா, எத்தனை நொடியில் கொடுக்கிறான் என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஒத்திகையைப் பார்த்தேன். அடடா! டப்பா மேஜை விளிம்பில் இருக்கிறது. அவள் திரும்பும்போது முழங்கை படுகிறது. விழுகிறது. “ரொம்பச் சீக்கிரம்,” என்கிறாள் அக்கா மகள். மறுபடி. இந்தத் தடவை பென்சில்கள் ஒரே குவியலாக விழுந்துவிட்டன, பரவ வேண்டும். மறுபடி. முகத்தில் பதற்றம் அதிகம். மறுபடி. ஒரு பென்சில் அலமாரிக்கு அடியில் போய்விட, மூவரும் தரையில் படுத்து ஸ்கேலை விட்டு இழுக்கிறார்கள். ‘அச்சச்சோ’ என்று சொல்வதா, வேண்டாமா என்று ஒரு விவாதம். சொன்னால் உதவி கேட்பது போல் ஆகிவிடும். சொல்லாவிட்டால் இயல்பாக இல்லை. கடைசியில் ஒரு பெருமூச்சு மட்டும் என்று முடிவாகி, பெருமூச்சுக்குத் தனியாக ஒத்திகை நடந்தது. ஏசி இருந்தும் அந்தப் பெண்ணின் நெற்றி வேர்த்துவிட்டது. நாடக மேடையில் ஒரு காட்சிக்கு இப்படிப் பாடுபட்டால் கைதட்டலாவது உண்டு. இங்கே அவள் எவ்வளவு நன்றாக நடித்தாலும் யாருக்கும் தெரியவே கூடாது.

நேரமாகிவிட்டது. யாரும் வரவில்லை.

“நோ-ஷோ,” என்கிறான் உதவியாளன். இன்னும் பத்து நிமிஷம் பார்ப்பார்களாம். ஒருவன் படிக்கட்டு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறான். இந்தக் கட்டடத்தில் அறை எண்களின் வரிசை யாருக்கும் பிடிபடுவதில்லை. ஆய்வுக்கு வந்த பிள்ளைகள் பல பேர் இரண்டாவது மாடியில் திரிந்துகொண்டிருப்பார்களாம். அதனால் சுவரில் அம்புக்குறி ஒட்டிய தாள்கள், மூலைக்கு மூலை.

காத்திருக்கும் நேரத்தில்தான் இவர்கள் பழைய ஆய்வகக் கதைகளைப் பேசுகிறார்கள். அக்கா மகளுக்குப் பிடித்தது ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் ஸ்டான்ஃபோர்டில் செய்து 1959-இல் வெளியிட்ட ஆய்வு. அங்கேயும் உளவியல் அறிமுக வகுப்புப் பையன்கள்தான், 71 பேர். அரை மணி நேரம் தட்டில் நூல்கண்டு உருளைகளை அடுக்கி எடுப்பது, அடுத்த அரை மணி நேரம் பலகையில் இருக்கும் 48 கட்டைகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புவது. உயிர் போகிற சலிப்பு. பிறகு வெளியே காத்திருக்கும் பெண்ணிடம் ‘ரொம்ப ஜாலியாக இருந்தது’ என்று பொய் சொல்லச் சொன்னார்கள். சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். 1 டாலர் வாங்கினவர்கள்தான் பிறகு அந்த வேலையை நிஜமாகவே பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். அற்பக் காசுக்குப் பொய் சொன்னோம் என்று மனசு ஒப்பாமல், அது பொய்யே இல்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இது பாடப்புத்தகத்தில் வருவது. புத்தகம் சொல்லாமல் விட்ட பகுதிக்குத்தான் இவள் கண் மின்னுகிறது. அந்த 71 பேரில் 11 பேரின் பதில்களைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. ஐந்து பேருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பேர் அந்தப் பெண்ணிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்கள். மூன்று பேர் காசே வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒருவன், அவளுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று சொல்லி அவளுடைய போன் நம்பரைக் கேட்டான்! அவள் முடித்து வரும்வரை காத்திருப்பதாகவும் சொன்னான். இந்த விவரமெல்லாம் அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே அச்சாகியிருக்கிறது. கடைசியில் விஷயத்தை விளக்கிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது எல்லோரும் தயங்காமல் கொடுத்துவிட்டார்களாம்.

உதவியாளனும் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். மார்ட்டின் ஆர்ன் 1962-இல் எழுதியது. மனிதர்கள் பாதியில் எழுந்து போகும்படியான வேலையைக் கண்டுபிடிக்க அவர் ஆசைப்பட்டார். கூட்டல் கணக்குத் தாள்களை மலையாகக் குவித்து, கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, ‘செய்துகொண்டிருங்கள், வருவேன்’ என்று போய்விட்டார்கள். ஐந்தரை மணி நேரம் கழித்துச் சலித்தது ஆய்வாளருக்குத்தான். அடுத்ததாக, ஒரு தாளை முடித்ததும் அதை 32 துண்டுகளாகக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்கச் சொன்னார்கள். அப்போதும் மணிக்கணக்கில் கிழித்துக்கொண்டே இருந்தார்கள். இதில் ஏதோ காரணம் இருக்கும், ஆய்வு கெடக் கூடாது என்கிற நல்லெண்ணம்! அந்த நல்லெண்ணத்தை நம்பித்தான் இந்த அடித்தளமே ஓடுகிறது. அதே நல்லெண்ணம் ஆய்வைக் கெடுத்துவிடவும் கூடும். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று மாணவர்கள் ஊகித்து அதற்கேற்ப நடந்துகொண்டால் முடிந்தது கதை. பெருமூச்சுக்கு ஒத்திகை வைப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

தடதடவென்று படிக்கட்டில் சத்தம். ஈரத் தலையோடு ஒரு மாணவி, கையில் பாதி தின்ற ஆப்பிள். “லேட்டா?” லேட்டில்லை, இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி! அறையே உயிர் பெறுகிறது. ஒருவன் ஒப்புதல் படிவத்தை எடுக்கிறான். நடிக்கிற பெண் ஏற்கெனவே வராந்தா நாற்காலியில் அப்பாவியாகப் போனை நோண்டிக்கொண்டிருக்கிறாள். ‘எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், கிரெடிட் குறையாது’ என்ற வரியை உதவியாளன் தானே படித்துக் காட்டுகிறான். நிதானமாக, அவள் கண்ணைப் பார்த்து. பதினெட்டு வயசு முடியாத முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். போன வாரம் ஒரு பையன் பதினெட்டு முடிந்த மறுநாளே வந்து நின்றானாம். அவனுக்குக் கூடுதலாக ஒரு சாக்லேட்.

கதவு சாத்தப்படுகிறது. நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம். முணுமுணுப்பு. கீபோர்டு சத்தம். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அக்கா மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் நெஞ்சு படபடக்கிறது. சடசடவென்று பென்சில்கள்! நன்றாகப் பரவியிருக்கின்றன, சத்தத்திலேயே தெரிகிறது. அவள் சத்தமில்லாமல் இரண்டு கையையும் தூக்கிக் குதிக்கிறாள்.

அந்த மாணவி எடுத்துக் கொடுத்தாளா? சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது.

ஆனால் எனக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘மனிதர்கள் இப்படி நடந்துகொள்கிறார்கள்’ என்று நாம் புத்தகங்களில் படிக்கிறோமே, அந்த மனிதர்களில் பெரும்பகுதி இந்த ஈரத் தலைப் பிள்ளைகள்தான்! இந்தக் கவலை உளவியலுக்குள்ளேயே பழையது. குவின் மெக்னிமார் 1946-லேயே இதைக் குத்திக் காட்டினார். 2010-இல் ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரன்சயன் மூவரும் கணக்கையே விரித்து வைத்தார்கள்: முக்கிய உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளின் பங்கேற்பாளர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே கொண்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஒரே நீளமான இரண்டு கோடுகள் அம்புமுனைகளால் நீளம் வேறுபட்டுத் தெரியும் அந்தப் பிரபலமான கண்மாயம்கூட எல்லோரையும் ஒரே அளவில் ஏமாற்றுவதில்லை. அமெரிக்க மாணவர்கள் நன்றாக ஏமாறுகிறார்கள். கலஹாரியின் சான் மக்கள் ஏமாறவே இல்லை எனலாம்.

“பாட்டிகிட்ட என் கேள்வித்தாளைக் கொடுத்தேன் சித்தி, போன லீவுல,” என்றாள் அக்கா மகள். “ஒன்றிலிருந்து ஏழுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கன்னேன். ‘யாரு கேக்கறா, எதுக்குக் கேக்கறா, அத முதல்ல சொல்லு’ன்னாங்க.” அந்தக் கேள்வியைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இதே ஆய்வை மாணவர்கள் அல்லாதவர்களிடமும், நம் ஊரிலும் செய்து பார்க்க வேண்டும் என்று திட்டம் போடுகிறாள். செய்ய வேண்டும், கண்ணு. கட்டாயம் செய்ய வேண்டும்.

கதவு திறக்கிறது. இனி விளக்கம் சொல்லும் நேரம். அக்கா மகள் இதை யாரிடமும் ஒப்படைப்பதில்லை. தானே எதிரில் உட்கார்ந்து, பென்சில் டப்பா வேண்டுமென்றே விழுந்தது, பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏன் அப்படிச் செய்தோம் என்றால், என்று எல்லாவற்றையும் சொல்கிறாள். விடுதித் தோழிகளிடம் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொள்கிறாள். வெளியே வந்த மாணவி, நடித்த பெண்ணைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “நீ நடிச்சியா? நிஜமாவா?” இரண்டு பேரும் வராந்தாவே அதிரும்படி சிரித்தார்கள். கடைசியில் அந்தப் பெண்ணின் நடிப்புக்கு ஒரு பாராட்டு கிடைத்தேவிட்டது!

அரை கிரெடிட் பதிவாயிற்று. ஆனால் மாணவி போகவில்லை. இந்த முடிவெல்லாம் எப்போது வெளிவரும், எத்தனை பேர் வரவேண்டும், இங்கே வேலை பார்க்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றாள். உதவியாளர் விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று அக்கா மகள் போனில் காட்டினாள். இப்போது இருக்கிற இரண்டு பேரும் இப்படித்தான் வந்தவர்களாம். அதற்குள் அடுத்த ஸ்லாட்டின் பையன் வராந்தா முனையில் தாளிலிருந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு நிற்க, “பென்சில்! பென்சில்களைப் பொறுக்குங்க!” என்று மூவரும் உள்ளே ஓடினார்கள்.