35,000 அடி உயரத்தில் நாடி பிடிக்க

2005 ஆகஸ்ட் 14. சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தில், கேபின் காற்றழுத்தத்துக்கான சுவிட்ச் ‘ஆட்டோ’வுக்குப் பதில் ‘மேனுவல்’ நிலையிலேயே இருந்துவிட்டது. விமானம் ஏற ஏற உள்ளே காற்று மெலிந்தது. எச்சரிக்கை ஒலி எழத்தான் செய்தது. ஆனால் தரையில் இருக்கும்போது புறப்பாட்டுக் கோளாறைச் சொல்வதற்கும் அதே ஒலிதான். விமானிகள் அதுவென்றே நினைத்துக் குழம்பினார்கள். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மங்குவது யோசிக்கும் திறன். சற்று நேரத்தில் இருவரும் நினைவிழந்தார்கள். தானியங்கியில் சுற்றிய விமானம் எரிபொருள் தீர்ந்து மலையில் மோதியது. இருந்த 121 பேரும் இறந்தார்கள்.

சென்சார் தன் வேலையைச் செய்தது. அது சொன்னதுதான் புரியவில்லை.

கோளாறே இல்லாத பயணத்திலும், கேபின் காற்று 8,000 அடி மலையுச்சியில் இருக்கும் அளவுக்கு மெலிய விதி இடம் தருகிறது. நலமாக இருப்பவர்களுக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்தை ஒட்டி இறங்கலாம். நுரையீரல் நோயாளிக்கு அது இன்னும் கீழே போகும், பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடத் தெரியாமல்.

அதைக் கண்டுபிடிப்பது பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974-இல் முன்வைத்த உத்தி அது. விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாய்கின்றன. ஆக்சிஜன் இழந்த ரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் நிறைந்தது அகச்சிவப்பை. மறுபக்கம் வந்துசேரும் ஒளிகளின் விகிதத்திலிருந்து கணக்கு கிடைத்துவிடும். கேபின் குளிரில் விரல் சில்லிட்டிருந்தாலோ, நகப்பூச்சு அடர்ந்திருந்தாலோ அளவு பிசகும்.

இந்த அளவுகளை இருக்கையிலிருந்து பணிக்குழுவிடம் கொண்டுசேர்க்க வயர் இழுப்பது எளிதல்ல. ஏர்பஸ் ஏ380-இல் ஏற்கெனவே சுமார் 530 கிலோமீட்டர் வயர் இருக்கிறது. வயருக்கு மாற்று கம்பியில்லாத் தொடர்பு. ஜெனீவாவில் 2015-இல் நடந்த உலக வானொலி மாநாடு, விமானத்தின் பாதுகாப்பு சார்ந்த கம்பியில்லாத் தொடர்புக்கு 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை ஒதுக்கியது. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டரும் அங்கேதான் இயங்குகிறது. அதற்கு இம்மியும் இடைஞ்சல் வரக் கூடாது.

எல்லாப் பயணிகளையும் கண்காணிக்க வேண்டியதில்லை. உடலின் அளவுகள் அவரவர் சொத்து. கேட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்கு மட்டும் மாட்டலாம். எண் ஆபத்தாக இறங்கினால், இருக்கை எண்ணோடும் ‘ஆக்சிஜன் குறைவு’ என்ற தெளிவான சொற்களோடும் பணிக்குழுவின் டேப்லெட்டில் தெரிய வேண்டும். அப்போது சிலிண்டரை நேரே அவரிடம் எடுத்துப் போகலாம்.