பூனையின் வயிற்றுப் புழுவும் வாசல் மணலும்

ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கிடங்குகளிலும், சென்னிமலைப் பக்கத்துத் தறிக் கொட்டகைகளிலும், தோட்டத்துச் சாளைகளிலும் எலித் தொல்லைக்காகப் பூனை வளர்ப்பவர்கள், அதற்கு வேளாவேளைக்குப் பால் ஊற்றுவதில் காட்டும் சிரத்தையில் காற்பங்கையேனும் அதன் குடற்புழுவை நீக்குவதில் காட்டக் காணோம். உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பிய குட்டியைப் பார்த்து, “நல்லாத் திங்குதுங்க, அதான் வயிறு” என்று பெருமைப்படுகிறார்கள். அதே குட்டி புழுவை வாந்தியெடுத்த மறுநாளே பீதியுற்றுச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். முன்னது அறியாமை, பின்னது குற்றம். பசியாலும் தாகத்தாலும் வதைபடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு தண்டனைக்குரியதாக்கியுள்ளது. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை என்பது, சட்டம் இயற்றியோரின் அக்கறைக்கும் ஓர் அளவுகோல்.

பூனைக்கு இப்புழுக்கள் வரும் வழிகள் பல. டாக்சோகாரா கேட்டி என்னும் உருண்டைப்புழு தாயின் பால் வழியாகவே குட்டியை அடைகிறது. வளர்ந்த பூனைக்கோ, எதைப் பிடிப்பதற்காக அதை வளர்க்கிறோமோ அந்த எலியே புழுவின் இளநிலையைச் சுமந்து வருகிறது. வாலடியில் அரிசிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகள் நாடாப்புழுவின் கண்ணிகள். அவ்வகைப் புழு தெள்ளுப்பூச்சியால் பரவுவதால், தெள்ளை ஒழிக்காமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுப்பது வீண்செலவு. ஆனால் நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தைப் பூனைமேல் தடவிவிடாதீர்கள். அது பூனைக்கு விஷம், உயிரையே பறிக்கும்.

மனிதருக்கு அபாயம் பூனையின் ரோமத்தில் இருப்பதாகப் பாட்டிமார் அஞ்சுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் வாசலில் கொட்டி வைத்த கட்டட மணலில் இருக்கிறது. பூனை மணலைத் தோண்டி மலங்கழித்து மூடிவிட்டுப் போகிறது. அதிலுள்ள உருண்டைப்புழு முட்டைகள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் முதிர்ந்து தொற்றும் சக்தி பெற்று, பின்னர் ஆண்டுக்கணக்கிலும் மண்ணில் உயிரோடிருக்கக் கூடியவை. அந்த மணலில் வீடு கட்டி விளையாடிய குழந்தை கழுவாத விரலை வாயில் வைத்தால், முட்டையிலிருந்து வெளிப்படும் லார்வா குடற்சுவரைத் துளைத்து கல்லீரல், நுரையீரல், சில வேளைகளில் கண் வரை சென்று தங்குகிறது. 1950இல் அமெரிக்க ஆய்வாளர் ஹெலனார் வைல்டர், பெரும்பாலும் புற்றுநோய் என்ற சந்தேகத்தில் அகற்றப்பட்ட சிறுவர்களின் கண்களைப் பரிசோதித்தபோது, அவற்றுட் பலவற்றில் இருந்தவை நூற்புழு லார்வாக்களே என்று கண்டார். கொக்கிப்புழுவின் லார்வாவோ ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்து, நெளிந்தோடும் சிவந்த தடத்தையும் பொறுக்க முடியாத அரிப்பையும் உண்டாக்கும். ஆகவே மணலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

குழந்தைக்கு விடாத காய்ச்சலோ, இருமலோ, ஒரு கண்ணில் பார்வை மங்கலோ கண்டால், மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்ற சீட்டை நம்பி வீடு திரும்பிவிடக் கூடாது. பூனையின் உருண்டைப்புழு மனிதக் குடலில் வளர்ந்து முட்டையிடுவதில்லையாதலால் மலத்தில் அது தென்படவே தென்படாது. ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புறநோயாளிச் சீட்டு எழுதும்போதே, “வீட்டில் பூனை உண்டு, குழந்தை மண்ணில் விளையாடும்” என்று டாக்டரிடம் சொல்லிக் குறிக்கச் செய்யுங்கள். இரத்தத்தில் ஈசினோபில் அணுக்களின் எண்ணிக்கை, டாக்சோகாராவுக்கான எலைசா, கண்ணில் கோளாறாயின் விழித்திரைப் பரிசோதனை ஆகியவை தேவையா என்று வாய்திறந்து கேளுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் ஆல்பென்டசோல் மாத்திரை மனிதக் குடலில் வாழும் புழுக்களுக்கானது. கண்ணில் தங்கிய பூனைப்புழுவுக்கு அந்த ஒரு வேளை மாத்திரையே போதும் என்று இருப்பது பேதைமை.

இனிப் பூனைக்குச் செய்ய வேண்டியது. அதிகாலையில் இட்ட மலத்தில் ஒரு சிறு கரண்டியளவை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் எடுத்து, பெயரும் தேதியும் ஒட்டி, அன்றே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, சிக்கலான நோயாயின் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு செல்லுங்கள். குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை இரு வாரத்துக்கொரு முறையும், ஆறு மாதம் வரை மாதந்தோறும், பின்னர் மூன்று மாதத்துக்கொரு முறையும் மருந்து தர வேண்டும். தாய்க்கும் உடன் தர வேண்டும். எலி பிடிக்கும் பூனைக்கு இன்னும் அடிக்கடி தேவைப்படலாம். எடை பார்த்தே அளவு நிர்ணயிக்கப்படுமாதலால், குழந்தையின் மாத்திரையைப் பாதியாக ஒடித்துப் பூனைக்கு ஊட்டும் வைத்தியம் வேண்டாம். தேதி, எடை, மருந்தின் பெயர், அளவு நான்கையும் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

“மாடு, ஆட்டுக்கே மருந்து இல்லை; பூனைக்கா?” என்று எவரேனும் கைவிரித்தால், திட்டிவிட்டுத் திரும்பிப் பயனில்லை. கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, புழுநீக்க மருந்தின் கையிருப்பு விவரத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தரக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் மலத்தில் வெளிவந்து ஒரு நாளேனும் கழிந்த பிறகே தொற்றும் தன்மை பெறுவதால், வேறொருவர் தினந்தோறும் மலத்தை அள்ளிப் புதைத்துக் கைகழுவினால் போதும். அரைவேக்காட்டு இறைச்சியையும் கர்ப்பிணி தவிர்க்க வேண்டும்.

புழு பூனையின் குற்றமன்று. அதை வளர்ப்பவரின் அலட்சியம். மீண்டும் சொல்கிறேன்: இன்று மாலைக்குள் வாசல் மணலை மூடுங்கள், நாளைக் காலை டப்பாவோடு மருந்தகத்துக்குப் புறப்படுங்கள்.