பதினெட்டடி மனையில் ஒரு குளக்கரை வீடு

தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வாசலில் நின்றால் துருகம் மலை தெரியும். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர் அலி என்று எத்தனையோ பேர் அடித்துக்கொண்ட கோட்டை அதன் மேல் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் ஒரு சண்டை நடந்தது. சண்டை கோட்டைக்காக அல்ல, பத்தடி மண்ணுக்காக!

பாகப் பிரிவினையில் எங்களுக்கு வந்த மனை, அகலம் பதினெட்டு அடி, நீளம் தொண்ணூறு அடி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கிழக்கே தெரு, மேற்கே ஊர்க்குளம். "இது வீடு கட்டுற இடமா, ரயில் பெட்டி நிறுத்துற இடமா?" என்று என் நாத்தனார் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் அத்தை (மாமியார்தான்) மட்டும் அசரவில்லை. "ஏம்மா, அந்தக் காலத்து வீடெல்லாம் இப்படித்தானே இருந்துச்சு? திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லைன்னு நீளமாப் போகும். கொல்லைக் கதவத் திறந்தா ஆறோ குளமோ இருக்கும். அதுல இல்லாத வெளிச்சமா?" என்றார்.

அத்தை சொன்னதை எங்கள் என்ஜினீயர் தம்பியிடம் சொன்னேன். அவர் வேறொரு வீட்டைப் பற்றிச் சொன்னார். 1961-62-இல் அகமதாபாத்தில் சார்லஸ் கொரியா என்ற கட்டடக் கலைஞர் 'குழாய் வீடு' ஒன்றைக் கட்டினாராம். அகலம் சுமார் 12 அடி, நீளம் 60 அடிதான். கூரையைச் சரிவாகப் போட்டு உச்சியில் திறப்பு வைத்தார். சூடான காற்று சரிவோடு ஏறி வெளியே போகும். குளிர்ந்த காற்று வாசல் பக்கமாகக் கீழே நுழையும். மின்விசிறியை நம்பாத வீடு! 1995-இல் அதை இடித்துவிட்டார்கள். ஆனால் யோசனையை யாரால் இடிக்க முடியும்?

நாங்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டோம். நடுவில் பத்தடி நீளம், ஆறடி அகலத்தில் ஒரு முற்றம். அதற்கு மேலே கம்பி வலை. முற்றத்தின் பக்கமாகவே நடைவழி. கூடமும் சமையலறையும் முற்றத்தைப் பார்த்தே திறக்கின்றன. அதனால் பகலில் விளக்குப் போட வேண்டியதில்லை. சமையலறைச் சுவர் உச்சியில் ஒரு திறப்பு. தாளிக்கும் நெடி கூடத்துக்கு வருவதில்லை.

குளம் மேற்கே இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சாயங்கால வெயில் நேராக அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கண்ணும் கூசும். அதனால் பின்பக்கம் எட்டடிக்குத் தாழ்வாரம் இறக்கி, பாதி உயரத்துக்குச் செங்கல்லில் ஜாலி வைத்தோம். ஆடிக் காற்று அதன் வழியே சீவிக்கொண்டு வரும். கொசு? அதற்குத்தான் வலைக் கதவு. முதலிலேயே போட்டுவிடுங்கள், அப்புறம் போடலாம் என்றால் நடக்காது!

குளியலறை, கழிவறைத் தொட்டி எல்லாம் தெருப் பக்கம். கிணறு கொல்லைப் பக்கம். கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது அறுபது அடி வேண்டும் என்றார் தம்பி. ஒல்லி மனையின் நீளம் இங்கேதான் கைகொடுத்தது. கழிவு குளத்துக்குப் போகவும் வழியில்லை.

இனி அந்தப் பத்தடிக்கு வருகிறேன்.

"அண்ணி, பின்னால கரையில பத்தடி மண்ணக் கொட்டினா ஒரு ரூமே போட்டுக்கலாம். யாரு கேக்கப் போறா?" என்றார் கொத்தனார். மறைப்பானேன், எனக்கும் ஆசைதான். தண்ணீரைப் பார்த்தபடி என் மகள் படிக்க ஓர் அறை! என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

அத்தைக்கு வந்ததே கோபம்! "புலப்படத்தக் கொண்டாந்து பாருடா. அது ஊரு சொத்து, புறம்போக்கு" என்றார். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்று தம்பியும் எச்சரித்தார். அப்படியும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அத்தை என் கையைப் பிடித்துப் படித்துறைக்கு அழைத்துப் போய், கரை மேலிருந்த ஒரு கல்லைக் காட்டினார். "நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முந்தி, தண்ணி இதுவரைக்கும் நின்னுச்சு கண்ணு. தண்ணிக்கு அது இடம் மறக்காது."

இரண்டு நாள் நான் பேசவில்லை. அறை மட்டும் வரவில்லை. அந்தக் கல்லைக் கணக்கு வைத்து, அதைவிட மூன்றடி உயரத்தில் வீட்டுத் தரையை எழுப்பினோம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் மழையில் தத்தளித்தன. இரவெல்லாம் நாங்கள் தூங்கவில்லை. விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தேன். குளம் கரையேறி அத்தை காட்டிய கல்லை மூழ்கடித்திருந்தது. நான் ஆசைப்பட்ட அறை இருந்திருக்கும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர். என் மகள் அங்கேதான் படுத்திருப்பாள்!

எங்கள் தரையில் ஒரு சொட்டுகூட ஏறவில்லை. கரையை ஒட்டிக் கட்டியிருந்த இரண்டு குடும்பங்கள் அன்று எங்கள் கூடத்தில்தான் சாப்பிட்டார்கள். அத்தை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றார், அவ்வளவுதான்.

நீர்க்கரையில் வீடு கட்டப் போகும் சகோதரிகளே, வரைபடம் போடுவதற்கு முன்னால் புலப்படத்தைப் பாருங்கள். ஊரில் வயதானவர்களிடம், "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். மனை ஒல்லியாக இருந்தால் கவலை வேண்டாம், முற்றம் ஒன்று போதும்.

தண்ணீர் வடிந்த கையோடு அந்தப் பத்தடியில் அத்தையும் நானும் ஒரு புங்கங்கன்று நட்டோம். என் மகள் இப்போது தாழ்வாரத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். குளம் அங்கிருந்தும் நன்றாகத்தான் தெரிகிறது.