காய்ச்சல் விட்டாச்சு... ஓடப் போகலாமா?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழையோடு வைரல் காய்ச்சலும் வந்துவிடுகிறது. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள் மும்முரமாகப் பயிற்சி எடுப்பதும் இதே மாதங்களில்தான். நாலு நாள் படுத்து எழுந்தவருக்கு, ‘இத்தனை நாள் ஓடியதெல்லாம் வீணாகிவிடுமோ’ என்ற கவலைதான் முதலில் வரும். காய்ச்சல் இறங்கிய மறுநாளே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வாரம் ஓடாததால் குறைவது சொற்பம்தான். அவசரப்பட்டால்தான் சிக்கல்.

காரணம், இதயம். சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். இதற்கு ‘மயோகார்டைட்டிஸ்’ என்று பெயர். அரிதாகத்தான் வரும். ஆனால், அந்த நிலையில் மூச்சிரைக்க ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். இது உறுதியானால் 3 முதல் 6 மாதங்கள் வரை கடும் உடற்பயிற்சியே கூடாது என்பார்கள் மருத்துவர்கள்.

டெங்கு என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் அதில் ஆபத்தான கட்டம். தட்டணுக்கள் குறைவதும், ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவதும் அப்போதுதான். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்லும்வரை ஓட்டத்தை மறந்துவிடுங்கள். உடம்பு வலிக்கிறதே என்று நீங்களாக ஐபுபுரோஃபன் போடவும் கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகலாம்.

சரி, உடம்பு தேறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்மார்ட் வாட்ச்செல்லாம் வேண்டாம். காலையில் விழித்ததும் படுத்தபடியே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழக்கமாக 62 இருப்பவருக்கு 74 காட்டினால், உடம்பு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். (நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் எண்ணிக் குறித்து வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு உதவும்.)

துடிப்பு பழைய நிலைக்கு வந்ததும் நடையில் தொடங்குங்கள். அரை மணி நேரம் களைப்பின்றி நடக்க முடிந்தால், சில நாள்கள் கழித்து ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றி 20 நிமிடங்கள் போதும். பக்கத்தில் வருபவரிடம் திணறாமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மறுநாள் காலை நாடித்துடிப்பு எகிறியிருந்தால், மீண்டும் நடைதான்.

ஓடும்போது நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே நின்றுவிடுங்கள். ‘வாயுப்பிடிப்பாக இருக்கும்’ என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்காமல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி எடுங்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.