நிலா தெரிகிறது, கார்த்திகை தெரியவில்லை

வான்நோக்கு நிகழ்ச்சிக்கு வேண்டியவை அதிகமில்லை: ஒரு பள்ளி மைதானம், இரண்டு மூன்று தொலைநோக்கிகள், அவற்றைத் திருப்பத் தெரிந்த நாலைந்து தொண்டர்கள், பொறுமையான ஒரு வரிசை. மாலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். விவரமறிந்தவர்கள் வளர்பிறைப் பஞ்சமிக்கும் தசமிக்கும் இடைப்பட்ட ஒரு நாளைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பௌர்ணமி நிலா கண்ணுக்கு அழகு. தொலைநோக்கியில் அது வெறும் வெள்ளைத் தட்டு. சூரிய ஒளி பக்கவாட்டில் விழும் அரைநிலாவில்தான் பள்ளங்களின் விளிம்பும் மலைகளின் நிழலும் எழுந்து நிற்கும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதற்குத் தோதான காலம். ஐப்பசியில் நாள் குறிப்பவர்கள் பெரும்பாலும் மேகத்தைப் பார்த்துவிட்டுக் கலைகிறார்கள்.

மைதானங்களில் அதிகம் காணப்படுவது எட்டு அங்குல டாப்சோனியன். நான்கடி உயரக் குழாய், அடியில் ஒரு குழியாடி, மரப்பெட்டி போன்ற தாங்கி. மோட்டாரும் இல்லை, மின்சாரமும் வேண்டாம். பெயருக்குக் காரணமான ஜான் டாப்சன் ராமகிருஷ்ணர் வழிவந்த வேதாந்த மடத்தில் 23 ஆண்டுகள் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல்களுக்கான தடித்த கண்ணாடியைக் கையால் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, இரவில் தெருவுக்குத் தள்ளிச்சென்று போவோர் வருவோரைக் கூப்பிட்டுக் காட்டினார். மடத்துக்கு இது ஒத்துவரவில்லை. 1967இல் வெளியேறியவர், மறு ஆண்டு நண்பர்களோடு ‘நடைபாதை வானியலாளர்கள்’ குழுவைத் தொடங்கினார். வடிவமைப்புக்குக் காப்புரிமை கேட்கவில்லை. இன்று எந்த ஊரிலும் ஒரு தச்சரின் உதவியோடு தாங்கியைச் செய்துகொள்ள முடிவது அதனால்தான்.

தமிழ் மண்ணில் இந்த வேலைக்கு இன்னும் பழைய முன்னோடி உண்டு. 1874 டிசம்பர் 9ஆம் தேதி வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தின் குறுக்கே கடந்தது. அதற்கு முன்பே, சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நடக்கப்போவது என்ன, ஏன் என்பதை எளிய உரையாடல் வடிவில் சிறு நூலாக எழுதிப் பல இந்திய மொழிகளில் வெளியிட்டார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். கண்டறிந்ததை ஆய்வேட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் பஞ்சாங்கம் கணிப்பவரிடமும் பாமரரிடமும் கொண்டுசேர்க்கவேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது.

நிகழ்ச்சியின் உண்மையான சிக்கல் வரிசையில் தொடங்குகிறது. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 120 பேருக்கு இரண்டு மணி நேரம். பூமி சுழல்வதால் நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு கோள் இரண்டே நிமிடத்தில் பார்வைப் புலத்தைக் கடந்து ஓடிவிடும். ஆகவே ஒருவர் விலகி அடுத்தவர் குனிவதற்குள் குழாயைச் சற்றே தள்ளிச் சரிசெய்ய வேண்டும். பழகாத சிறுவர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்; சனி காணாமல் போகும். கண்ணருகு வில்லையில் செல்பேசியை வைத்துப் படமெடுக்க நினைப்பவர் ஒருவர் வந்தால் வரிசை ஐந்து நிமிடம் நின்றுவிடும். இதற்கெல்லாம் ஈடாக ஒன்று கிடைக்கிறது: வளையத்தோடு சனியை முதன்முதலாகப் பார்ப்பவர் குழாயின் முன்பக்கம் வந்து, உள்ளே ஸ்டிக்கர் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது. 2025 மார்ச்சில் அந்த வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியதால் கொஞ்ச காலம் அந்தச் சந்தேகத்துக்கும் வழியில்லை. மீண்டும் மெல்ல விரிந்துவருகிறது.

நிலா, வெள்ளியின் பிறை, வியாழனும் 1610இல் கலிலியோ கண்ட அதன் நான்கு துணைக்கோள்களும், சனி. அநேக நிகழ்ச்சிகளின் பட்டியல் இத்தோடு முடிகிறது. பார்க்கத் தக்கவை இவ்வளவுதான் என்பதல்ல காரணம். மைதானத்து வானில் எஞ்சியிருப்பவை இவைதாம். மிச்சத்தை மின்விளக்கு தின்றுவிட்டது.

எந்தக் கருவியும் இல்லாமல் இதைச் சோதிக்கலாம். கார்த்திகை நட்சத்திரம் ஆறு மீன்களின் கூட்டம் என்பது தமிழ்க் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. விண்மீனின் பொலிவைக் குறிக்கும் எண் கூடக் கூட மீன் மங்கல். கார்த்திகையின் மிகப் பிரகாசமான மீனுக்கு அந்த எண் 2.9, ஆறாவது மீனுக்கு 4.3. பெருநகர வானில் வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை பெரும்பாலும் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்தான். அங்கே கார்த்திகை ஒற்றைப் புள்ளியாகவோ, துடைத்துவிட்ட சுண்ணாம்புக் கறையாகவோ தெரியும். அருந்ததியின் பொலிவெண் 4. பட்டப்பகலில், மண்டபக் கூரைக்குக் கீழே நின்று மணமக்கள் அருந்ததி பார்ப்பதைக் கேலி செய்வோர் உண்டு. இரவில் வெளியே அழைத்து வந்தாலும் இப்போது அதே பலன்தான்.

தொலைநோக்கி இருந்தால் இதை மீறலாமே என்று தோன்றும். ஓரளவுதான் முடியும். எட்டு அங்குல ஆடி, இருளில் விரிந்த கண் பாவையைப்போல் எண்ணூறு மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்டுகிறது. புள்ளியாகத் தெரியும் விண்மீனுக்கு இது பெரும் உதவி. ஆனால் ஆண்ட்ரோமீடா மண்டலம் போன்றவை பரந்து கிடக்கும் மங்கல் ஒளி. தொலைநோக்கி அந்த மங்கலைப் பெரிதாக்கும்போது அதன்மேல் படிந்திருக்கும் வானத்தின் வெளுப்பையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. 25 லட்சம் ஒளியாண்டு கடந்து வந்த ஒளி, மைதானத்து மூலையிலிருக்கும் ஹைமாஸ்ட் விளக்கிடம் தோற்றுப்போகிறது.

விளக்குகள் மாறிய விதம் நிலைமையை மோசமாக்கியது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் 589 நானோமீட்டர். வெள்ளை எல்.இ.டி.யின் நீலக் கூறு 450 நானோமீட்டரை ஒட்டியது. காற்றின் மூலக்கூறுகள் குட்டை அலைகளையே அதிகம் சிதறடிக்கும்; பகல் வானம் நீலமாக இருப்பதற்கும் அதுவே காரணம். கணக்குப்படி நீலக் கூறு மஞ்சளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறுகிறது. மின்சாரம் மிச்சமாகிறது என்பதற்காக விளக்குகளின் எண்ணிக்கையும் பெருகுகிறது. உலக மக்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஒளி மாசுபட்ட வானின்கீழ் வாழ்வதாகவும், மூன்றில் ஒருவருக்குப் பால்வீதியே தெரிவதில்லை என்றும் 2016இல் வெளியான உலக வரைபடம் காட்டியது. 2011 முதல் 2022 வரை தன்னார்வலர்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான பதிவுகளை ஆராய்ந்தபோது, இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடிவருவது தெரிந்தது. அந்த வேகத்தில், 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் பிறந்த குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது ஏறத்தாழ நூறுதான் மிஞ்சும்.

கண்ணுக்கும் அவகாசம் தேவை. இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. ஒருமுறை செல்பேசித் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். தொண்டர்கள் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டுவது இதற்காகத்தான். மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்த்தால் பளிச்சிடும், விழித்திரையின் நடுவில் இருட்டுக்கான செல்கள் இல்லாததால். நகர மைதானத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க வாய்ப்பே அமைவதில்லை.

நகர வானம் இழந்தது எவ்வளவு என்பதற்கு 2025 செப்டம்பர் 7 இரவு நிகழ்ந்த முழு சந்திர கிரகணம் நல்ல உதாரணம். இந்திய நேரப்படி 11 மணிக்கு நிலா முழுதும் நிழலுக்குள் போய், 82 நிமிடம் செம்பு நிறத்தில் தங்கியது. நிலவொளி அடங்கும்போது அதுவரை மறைந்திருந்த விண்மீன்கள் ஒவ்வொன்றாக மேலெழுவதே கிரகணத்தின் பாதிச் சுவை. நகரத்தில் நிலா மங்கியது, வேறெதுவும் தோன்றவில்லை.

நகரவாசிக்கு நிலாவும் கோள்களும் போதும், கூட்டம் கூடுமிடத்தில்தான் அறிவியலைப் பரப்ப முடியும் என்று சொல்வோர் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. வெளிச்சம் பெண்களுக்குப் பாதுகாப்பு என்ற வாதமும் வரும். கீழ்நோக்கி மூடிய விளக்கு தரைக்கு வெளிச்சம் தருவதோடு வானத்தையும் விட்டுவைக்கும் என்பதே அதற்கு விடை.

இருளைத் தேடிப் போவோருக்குத் தமிழ்நாட்டில் ஜவ்வாது மலை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், காவலூர் வைணு பாப்பு வான்நோக்கு நிலையத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. ராமானுஜன் பெயர் தாங்கிய சிறுகோள் 1988இல் இங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே அனுமதித்து, சிறிய தொலைநோக்கி வழியே வானத்தைக் காட்டும் வழக்கம் இங்கு உண்டு. இப்போது சமவெளி ஊர்களின் வெளிச்சம் அடிவானத்தில் ஏறிவருகிறது.

லடாக்கின் ஹான்லே வேறு வழியைக் காட்டியது. நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்திலுள்ள அந்த வான்நோக்கு நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வீட்டுச் சன்னல்களுக்குக் கருப்புத் திரை, விளக்குகளுக்கு மூடி, வாகனங்களின் முகப்பு விளக்குக்குக் கட்டுப்பாடு. கிராமத்து இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சியோடு தொலைநோக்கியும் தரப்பட்டது. இவர்களில் பெண்களே அதிகம். வரும் பயணிகளுக்கு இரவில் வானத்தைக் காட்டுவது அவர்களுக்கு இப்போது வருமானம். விளக்கை அணைத்துவைப்பதில் ஊருக்கே லாபம் இருக்கிறது.

சமவெளியில் அந்த அளவுக்குப் போகமுடியாது. ஆனால் ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பிச் சாலைப் பக்கம் ஊர்வதைத் தடுக்க, பொரிக்கும் பருவத்தில் கடற்கரை விளக்குகளை அணைக்கச் சொல்லிக் கேட்பது சென்னைக்குப் பழகிய விஷயம். வான்நோக்கு நிகழ்ச்சிக்குத் தேவைப்படுவது அதைவிடச் சிறிது: மைதானத்தைப் பார்த்திருக்கும் ஒரு ஹைமாஸ்ட், எட்டிலிருந்து ஒன்பது வரை. அந்த விளக்கின் கம்பத்தடியில் பூட்டிய பெட்டிக்குள் ஒரு டைமர் இருக்கும். நாள் குறித்ததும் ஏற்பாட்டாளர்கள் ஒலிபெருக்கிக்கும் நாற்காலிக்கும் சொல்லிவைக்கிறார்கள். பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு.